குறைந்தோடும் மீட்டரும் கொடுக்கப்படாத பொருளும்

திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதாமல் நம் கூட்டம் எதுவும் தொடங்குவதில்லை. ஓதுங்கால் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். மயக்கப் பொருள்களை விலக்கும் ஐந்தாம் சீலம் வரும்போது சிலர் குரல் தாழ்கிறது. பொய்யை விலக்கும் நான்காம் சீலத்தில் நம் எல்லோர் குரலுமே சற்றுத் தாழ்கிறது. இரண்டாம் சீலத்தை மட்டும் யாவரும் உரத்த குரலில் தடையின்றி ஓதி முடித்துவிடுகிறோம். நாம் எவர் வீட்டுச் சுவரைத் துளைத்தோம், எவர் பையில் கைவிட்டோம் என்னும் துணிவே அதற்குக் காரணம் போலும். ஆனால் 'அதின்னாதானம்' என்னும் சொல்லின் நேர்பொருள் கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் என்பதே. சுவரைத் துளையாமலும் அது நிகழக்கூடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு சிறு பெட்டியின் வாயிலாகவே நிகழக்கூடும்.

ஆண்டாப் ஹில்லில் ஓர் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பின் பெரிய கட்டடங்களுக்கு அப்பால், குறுகிய சந்து ஒன்றில், கீழே ஓர் அறையும் மேலே ஓர் அறையுமாக உள்ள வீடு. மாமியார், மகன், மருமகள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். மாதந்தோறும் 110, 120 யூனிட் என்று வந்துகொண்டிருந்த மின்சார பில், ஐந்து மாதமாக 40 யூனிட்டைத் தாண்டவில்லை. விசிறிகள் முன்போலவே சுழல்கின்றன. குளிர்ப்பெட்டி முன்போலவே உறுமுகிறது. கணவர், "நாமா மீட்டரின் கையைப் பிடித்து நிறுத்தினோம்? அவர்கள் மீட்டர், அவர்கள் கணக்கு, அவர்கள் பில். வந்ததைக் கட்டுகிறோம்" என்கிறார். மருமகள் மாமியாரைப் பார்த்து, "அத்தை, மார்க்கெட்டில் வெங்காயக்காரர் மறந்து ஒரு கிலோ கூடப் போட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றீர்களே, இது மட்டும் எப்படி நமக்கு ஆகும்?" என்கிறாள். மாமியார் விடை கூறவில்லை. இவ்விடத்தில் விடை எளிதன்று என்பதை அந்த அம்மையார் உணர்ந்திருந்தார் என்றே கொள்கிறோம்.

முதற்கண், ஐயம் மெய்தானா என்று பார்க்க வேண்டும். ஆராயாமல் தன்னைக் குற்றவாளி என்று வருத்திக்கொள்வதும் பேதைமையே. கணக்கு கடினமானதன்று. ஆயிரம் வாட் எடுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் விசிறிகள் இரண்டு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். குளிர்ப்பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். தொலைக்காட்சி 100 வாட்டாய் ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு ஆறு மணி நேரம் எரிய 0.2 யூனிட். மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் 0.3 என்று வைத்தால், நாளொன்றுக்கு 3.8, முப்பது நாளைக்கு 114. நாற்பது என்று பில் சொன்னால் பெரும்பகுதி எங்கோ கணக்கில் ஏறாமல் போகிறது. ஆனால் குறைவுக்கு நேர்மையான காரணங்களும் உண்டு. 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்தியிருக்கலாம். 75 வாட் விசிறி போய் 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறி வந்திருக்கலாம். குடும்பம் கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி சென்றிருக்கலாம். ரீடிங் எடுக்க வருபவர் பூட்டிய கதவைக் கண்டு, பழைய சராசரியைக் கொண்டு பில் போட்டிருக்கலாம்.

இவை ஒன்றும் இல்லையாயின், மீட்டரையே கேட்கலாம். இந்நாளைய மின்னணு மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் இட்ட ஆயிரம் வாட் ஹீட்டர் ராடு ஒன்றை மட்டும் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். (ராடு ஓடும்போது தண்ணீரைத் தொடலாகாது, பிள்ளைகளை அப்பால் நிறுத்துக.) மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 220 ஆகத் தாழ்ந்தாலே அந்த ராடு எட்டு விழுக்காட்டுக்கு மேல் குறைவாக எடுக்கும். ஆதலால் 48 என்று வந்தால் மீட்டரைப் பழிக்க இடமில்லை. இருபது என்று வந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. இவ்வளவே நாம் செய்யத்தக்க சோதனை. பெட்டியைத் திறப்பதும், முத்திரையைத் தொடுவதும், 'எலெக்ட்ரீஷியன் தம்பி' ஒருவரை அழைத்துத் திருகாணியை முறுக்கச் சொல்வதும் கூடவே கூடா. நல்லெண்ணத்தோடு உடைத்த முத்திரையும் உடைந்த முத்திரையே.

மீட்டர் தவறுவது புதுமையன்று. அமெரிக்காவில் எடிசன் 1880-களில் வைத்த மீட்டரில் துத்தநாகத் தகடுகள் கரைசலில் நின்றன. மாதந்தோறும் தகட்டை எடுத்து நிறுத்துப் பார்த்துப் பில் எழுதினர். வீட்டாருக்கு அதைப் படிக்க வழியே இல்லை. பின்னர் வந்த அலுமினியத் தட்டு சுழலும் மீட்டரை நம்மில் மூத்தோர் நன்கறிவர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் அச்சில் தேய்மானமும் தூசியும் சேர்ந்து தட்டு மந்தமாகும்; ஒரே ஒரு சிறு விளக்கு எரிந்தால் நகராமலே நின்றுவிடுவதும் உண்டு. மின்னணு மீட்டரில் சுழலும் உறுப்பு இல்லை. எனினும் உள்ளுறுப்புப் பழுதாலும் தவறான இணைப்பாலும் அதுவும் குறைத்துக் காட்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸின் அளவு பதிவாகாமல் போனால், மூன்றிலும் சமமாகச் சுமையிருக்கும் வீட்டில், மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வாராது. இவற்றுள் எதிலும் வீட்டாரின் கை இல்லை.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கடைத்தெருவில் தராசு விற்பவன் கையில் இருக்கிறது; வாங்குபவன் கண் தராசின் மேல் இருக்கிறது. மின்சாரத்திலோ விற்பவனுடைய தராசு வாங்குபவன் வீட்டில் தொங்குகிறது. விற்பவன் கண் மாதம் ஒருமுறை அதன்மேல் விழுந்தால் உண்டு. பொய்த் தராசும் பொய்ப்படியும் கொண்டு பிறரை ஏய்ப்பதைப் பிரமஜால சூத்திரம் விலக்கத்தக்கவற்றுள் எண்ணுகிறது. அங்குப் பொய்ப்படியை வைப்பவன் விற்பவன் என்றே நாம் வழக்கமாக நினைக்கிறோம். மணிமேகலை பாடிய சாத்தனாரே கூலவாணிகர். படி குறைந்தால் வாங்குபவன் வயிறு குறையும் என்பதை நன்கறிந்திருப்பார். பொய்ப்படி வாங்குபவனுக்குச் சாதகமாய் விழும்போது நம் நாவு மட்டும் ஏன் கட்டுண்டு போகிறது? அதே மீட்டர் 114-க்கு 300 என்று காட்டியிருந்தால், அக்கணவர் மறுநாட்காலை அலுவலக வாசலில் நின்றிருப்பார். "அவர்கள் மீட்டர், அவர்கள் கணக்கு" என்னும் தத்துவம் அன்று அவருக்குத் தோன்றியிராது.

நிற்க. இப்பொருள் யாருடையது? கொலாபா முதல் மாகிம், சயான் வரையுள்ள தீவு நகருக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்ட் நிறுவனம்; ஆண்டாப் ஹில்லும் மாதுங்காவும் தாராவியும் இதனுள் அடங்கும். 1905-இல் டிராம் வண்டியும் மின்சாரமும் சேர்ந்து நடத்தும் கம்பெனியாகத் தொடங்கி, 1947 ஆகஸ்டு 7 முதல் மாநகராட்சியின் உடைமையானது அது. நம் சந்தின் முனையில் நிற்கும் பேருந்தும் அதனுடையதே. பேருந்தின் நட்டத்தை ஈடுசெய்ய மின் கட்டணத்தோடு ஒரு தொகை சேர்த்து வாங்கப்பட்ட காலமும் உண்டு. செம்பூரில் வாழும் நம்மவர்க்கு மின்சாரம் தனியாரிடமிருந்து வருகிறது. எவரிடமிருந்து வரினும், கட்டணத்தை வகுப்பது மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வாங்கிய மின்சாரத்துக்கும், விற்றதாகக் கணக்கில் ஏறிய மின்சாரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இழப்பு எனப்படும். கட்டணம் வகுக்கையில் அவ்விழப்பும் எண்ணப்படுகிறது. ஆகவே என் வீட்டில் பதிவாகாத யூனிட் காற்றில் கரைந்துவிடுவதில்லை. எதிர்வீட்டில் தையல் இயந்திரம் ஓட்டும் அம்மாளின் பில்லில், கண்ணுக்குத் தெரியாத துளியாகச் சென்று விழுகிறது. மேலும் 100 யூனிட் வரை ஒரு வீதம், அதற்குமேல் 300 வரை உயர்ந்த வீதம் என்று கட்டணம் படிப்படியாக ஏறுவதால், 114-ஐ நாற்பதாகக் காட்டும் மீட்டர் அளவிலும் குறைக்கிறது, வீதத்திலும் குறைக்கிறது. "கம்பெனி பணந்தானே" என்பார், அக்கம்பெனியின் பணம் எங்கிருந்து வருகிறதென்று ஒருகணம் எண்ணுவாராக.

அங்ஙனமாயின் அவ்வில்லத்தார் ஐந்து மாதமாகக் களவு செய்துவந்தார்களா? இல்லை என்று திண்ணமாகச் சொல்லுகிறோம். களவு முற்றுப்பெற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்பது புத்தகோசர் மரபில் வந்த உரை. பொருள் பிறருடையதாதல் வேண்டும், பிறருடையதென்று அறிந்திருத்தல் வேண்டும், கவரும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், கவர்தல் நிகழ்தல் வேண்டும். இவற்றுள் முதலாவது இருக்கிறது. ஏனையவை அறியாத நாளில் இல்லை. விநய பிடகத்தில் இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்றுண்டு. சுங்கச் சாவடியைக் கண்ட ஒருவன், பிக்கு ஒருவர் அறியாமல் அவர் பையில் விலையுயர்ந்த மணியொன்றை இட்டுவைத்தான். பிக்கு சாவடியைக் கடந்தார். பின்னர் செய்தியறிந்து நெஞ்சம் பதைத்தார். அறியாதவர்க்குக் குற்றமில்லை என்பதே பகவன் அளித்த தீர்ப்பு. சுங்கத்தை ஏய்ப்பதைக் களவென்றே கொள்ளும் அதே விநயம் இதைக் குற்றமன்றெனக் கூறுவது கருதத்தக்கது.

ஆனால் பையில் மணி இருப்பதை அறிந்தபின், அடுத்த சாவடியை அவர் அதே பையோடு கடக்கலாமா? மருமகள் கேட்டது இவ்வினாவையே. ஐயம் எழுந்த நாள்வரை குற்றமில்லை. கணக்குப் போட்டு, சிமிட்டலை எண்ணி, 114 என்று தெரிந்தபின் வாய்மூடியிருப்பது வேறு. "நாம் ஒன்றும் செய்யவில்லையே, முயற்சி என்னும் உறுப்பு இல்லையே" என்று நுணுக்கம் பேசுவாரும் உளர். அவர்க்கு அதே பிடகத்தில், களவு பற்றிய விதி பிறந்த வரலாற்றையே காட்டுவோம். குயவர் மகனாய்ப் பிறந்த தனியர் என்னும் பிக்கு குடில் கட்ட மரம் வேண்டினார். இராசகிருகத்தில், நகரைப் பழுதுபார்க்க அரசு சேமித்திருந்த மரக்கிடங்குக்குச் சென்று, "அரசர் எனக்கு மரம் கொடுத்துள்ளார்" என்று கூறி எடுத்துச் சென்றார். பிம்பிசாரன் அழைத்து வினவியபோது, முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் துறவிகட்குக் கொடுத்தேன் என்று தாங்கள் சொல்லவில்லையா என்றார். காட்டில் உடையவரின்றிக் கிடப்பதைக் குறித்துச் சொன்னேன் என்றான் மன்னன். தனியர் சுவரைத் துளைக்கவில்லை, இருளில் வரவில்லை. பட்டப்பகலில், காவலன் கையாலேயே பெற்றார். கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகத் தமக்குத்தாமே பொருள் செய்துகொண்டதே அவர் செய்தது. "பில்லில் நாற்பது என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்" என்பதும் அவ்வகைப் பொருள்கோள்தான்.

நாட்டின் சட்டமும் எண்ணத்தையே நோக்குகிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, நேர்மையற்ற கருத்தோடு மீட்டரைக் கெடுத்தலும் கம்பியில் கொக்கியிட்டு எடுத்தலும் போன்றவற்றையே திருட்டென்று சொல்லி, மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. தானே பழுதான மீட்டர் திருட்டாகாது. அதற்குத் தனி வழி உண்டு. மகாராஷ்டிர ஆணையம் 2021-இல் வகுத்த விதிகளின்படி, பழுதான மீட்டரைச் சோதித்துப் பில்லைத் திருத்துங்கால், தகராறு எழுந்த மாதத்துக்கு முன் மூன்று மாதத்துக்குமேல் பின்னோக்கிச் செல்ல இயலாது. முற்காலத்து 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வெல்லை ஆறு மாதமாயிருந்தது.

கணக்கில் பிழை நேர்வது வேறு. அரியானாவின் பானிபட்டில் ஒரு நூற்பாலைக்கு, மீட்டர் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டியிருக்க, 2006 முதல் 2009 வரை ஐந்தால் பெருக்கிப் பில் அனுப்பிவந்தனர். பாதியே கணக்கில் ஏறிற்று. பிழை மின்வாரியத்தாருடையது. அதைக் கண்டபின் 1 கோடியே 35 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டனர். பிரேம் காட்டெக்ஸ் வழக்கு எனப்படும் இது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விடுபட்ட தொகையைப் பின்னர்க் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2021 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. நுகர்ந்தவன் நுகர்ந்த அப்பொழுதே கடன்பட்டான் என்பது, 2020 பிப்ரவரியில் அஜ்மீர் மின் வழங்கல் நிறுவன வழக்கில் அந்நீதிமன்றமே உரைத்த கருத்து. நம் உரையாசிரியர்களும் குற்றத்தையும் ஈடுசெய்ய வேண்டிய பொருளையும் பிரித்தே பேசினர். குற்றமில்லாதவிடத்தும் பொருள் திருப்பித் தரவேண்டியதாகலாம். ஆலைக்கணக்கை ஆண்டாப் ஹில் வீட்டோடு ஒப்பிடுவது பெரிதுதான் எனினும், கடன் பிறந்த முறை ஒன்றே.

இனி ஒரு நுண்ணிய வினா. ஐந்து மாதப் பழுதுக்கு விதி மூன்று மாதமே வாங்குமாயின், எஞ்சிய இரண்டு மாதம் நம் மனத்தில் முள்ளாய் நிற்குமா? நிற்க வேண்டியதில்லை என்பது நம் முடிபு. உடையவர் தம் விதியாலேயே விட்டுக்கொடுத்தது நமக்குக் கொடுக்கப்பட்டதே ஆகும். ஆனால் அவர் விட்டுக்கொடுக்கும் முன்னர் செய்தியை அறிந்திருக்க வேண்டும். நாம் தெரிவித்தபின் அவர் விட்டது கொடை. தெரிவியாமல் நாமே விட்டுக்கொண்டது தனியர் எடுத்த மரம். இரண்டு தொகையும் ஒன்றாயிருக்கலாம். நடுவே நிற்பது ஒரு கடிதம்.

இக்கடிதத்தை எழுதத் தடையாயிருப்பது பேராசையன்று, அச்சம். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. குடிசைப் பகுதி என்றாலே மின்திருட்டு என்று பேசும் உலகம் இது. நம் முன்னோர் ஏதும் எடாமலே திருடர் என்ற பெயரைச் சுமந்தவர். "நாமே போய்ச் சொன்னால் நம்மையே பிடிப்பார்கள்" என்று மாமியார் அஞ்சினால், அவ்வச்சத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அதனை நகைப்பவர் நம் தெருவில் வாழ்ந்தவரல்லர். ஆயினும் எண்ணிப் பார்க்க வேண்டும். 135-ஆம் பிரிவின்படி, மீட்டரில் அனுமதியற்ற செயற்கை வேலை ஏதேனும் காணப்பட்டால், மறுத்து மெய்ப்பிக்கும் வரை நுகர்வோரே செய்ததாகக் கொள்ளப்படும். முன் குடியிருந்தவர் செய்துவிட்டுப் போனதும் நம் தலையில் விழக்கூடும். நாளும் எண்ணும் இட்ட ஒரு கடிதம் கையிலிருந்தால், அறிந்தவுடன் அறிவித்தோம் என்பதற்கு அதுவே சான்று.

இதனினும் கடினமானது வாடகைக் குடியிருப்போர் நிலை. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். உள்ளே அவர் வைத்த துணை மீட்டர் ஒன்று. யூனிட்டுக்கு அவர் சொன்ன விலை. தலைமை மீட்டர் மந்தமாக ஓடுகிறதென்று குடியிருப்பவர் அறிகிறார்; வெளியே சொன்னால் அடுத்த மாதம் வீடில்லை. தம் துணை மீட்டர் காட்டியதற்கு முழுவிலையும் கொடுத்தவர் எதையும் கொடுக்கப்படாமல் கொள்ளவில்லை, கொண்டவர் வீட்டுக்காரர். குடியிருப்பவரின் கடமை, வீட்டுக்காரரிடம் தனியே, மரியாதையாக, ஒருமுறை சொல்லிவிடுவதோடு முடிகிறது என்றே கருதுகிறோம். அதற்குமேல் அவரைத் தெருவில் நிறுத்தும் அறத்தை நாம் போதிக்க மாட்டோம். துணை மீட்டரே மந்தமானால் அப்போது அவர் பேச வேண்டும். அதில் ஆதாயம் அடைபவர் அவரே. இதில் நம்மோடு மாறுபடும் அன்பர் இருப்பின் எழுதுக.

கடிதத்தில் நீண்ட விளக்கம் வேண்டா. நுகர்வோர் எண், மீட்டர் எண், கடந்த பன்னிரண்டு மாத யூனிட், ஐயம் எழுந்த நாள், மீட்டரைச் சோதிக்கும்படி வேண்டுகோள், சோதனையின்போது வீட்டார் உடனிருக்க விருப்பம் என்பன போதும். "திருடினோம்" என்றோ "மன்னிக்க" என்றோ எழுதாதீர்கள். நிகழாததை ஒப்புக்கொள்வதும் பொய்யே. மின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை பெறுக. சோதனைக் கட்டணம் கேட்டால் ரசீது வாங்குக. திருத்திய பில் மூன்று மாத எல்லையை மீறினால், நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராவிடில் மின்சார ஆம்புட்ஸ்மனுக்கும் செல்லலாம். தொகை பெரிதாயின் தவணை கேட்பதில் நாணம் வேண்டா. மராத்தியில் எழுத வராதவர் ஞாயிறு வந்தனை முடிந்தபின் பில்களை எடுத்து வரலாம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள். பழைய பில்களையும் மறவாமல் கொண்டு வருக. பன்னிரண்டும் இல்லையேல் கிடைத்தவரை போதும்.